அமிர்தவல்லியின் கிழக்கு

செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பார்க்க அரை நாள் ஆகும். அதுவும் பஸ் நேரத்துக்கு வந்து, திண்டிவனத்தில் அடுத்த பஸ்ஸும் நேரத்துக்குக் கிளம்பினால்தான். ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் பாறை. மலை என்று பெருமையாகச் சொல்கிறோமே தவிர, யாரோ வண்டி வண்டியாகக் குண்டுக்கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரிதான் இருக்கும். அதன் உச்சியில் ராஜாக்கள் கோட்டை கட்டினார்கள், அடிவாரத்தில் அமிர்தவல்லி விறகு பொறுக்கினாள். இந்த அமிர்தவல்லிதான் பின்னாளில் மத்தியதரைக் கடலில் இருக்கும் கோர்சிகா தீவுக்குப் போய், கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்து நிற்கிறதே குடா, அப்படி நாற்பத்து மூன்று குடாக்களில் இறங்கி, கயிறு போட்டு ஆழம் பார்த்து வந்தவள். செஞ்சியில் இதை நம்பாதவர்கள் நிறையப் பேர். அவளும் யாரையும் நம்பவைக்க மெனக்கெட்டதில்லை.

நிலம் நீச்சு எதுவும் இல்லாத குடும்பம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, பதின்மூன்று வயதில் கல்யாணம் முடிந்தது, பதினாறில் மீனம்பாள் பிறந்தாள். இருபத்திரண்டு வயதில் புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோனது. எல்லாம் அவளைக் கேட்காமலே நடந்தவை. கேட்டு நடந்த முதல் காரியம் புதுச்சேரிக்கு வேலைக்குப் போனதுதான். அண்ணன் துரைக்கண்ணு, எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை மூட்டையை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் புதுச்சேரி போய்வருகிறவர். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம் என்று ஒருநாள் வந்து சொன்னார். “போறியா?” என்று கேட்டார். போனாள். மகளை அண்ணன் வீட்டில் விட்டு, மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துப் போனாள்.

அந்த வீட்டுக்காரரைப் புதுச்சேரி வழக்கப்படி முசே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும் கூப்பிட்டாள். முசே துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருஷம் நம்மூர்ச் சாம்பார் சாப்பிட்டதில் தமிழ் நன்றாகவே பேசுவார், இலக்கணம்தான் அவரைக் கண்டால் ஓடிவிடும். 1962இல் ஊரைக் காலி செய்துகொண்டு சொந்த ஊரான கோர்சிகா தீவுக்குக் கிளம்பினார்கள். “நீ கூட வா, ரெண்டு வருஷம். திரும்ப கப்பல் டிக்கெட் நான் குடுக்கறேன், மீனா படிக்கறதுக்கு நான் அனுப்பறேன்” என்றார் முசே.

அமிர்தவல்லி செஞ்சிக்கு வந்து மகளிடம் சொன்னாள். பதினோரு வயதுப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். பஸ் கிளம்பும்போது மாமாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கை காட்டவில்லை. அமிர்தவல்லி திண்டிவனம் வரைக்கும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

முசேவுக்கு ஓர் ஆசை இருந்தது. தீவின் மேற்குக் கரையில் குடாக்கள் எண்ணிக்கை இல்லாமல் கிடக்கின்றன. எதில் படகு நிறுத்தலாம், எந்தக் காற்றில் நிறுத்தக் கூடாது, எங்கே மணல், எங்கே பாறை, எங்கே குடிக்கிற தண்ணீர் கிடைக்கும், இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுத வேண்டும். சர்க்கார் வரைபடத்தில் ஆழம் இருக்கிறது, காற்றைப் பற்றி ஒன்றும் இல்லை என்பது அவர் குறை. சின்னப் படகு ஒன்றும் வாங்கினார். வாங்கிய மூன்றாம் வாரம் படகுத்துறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மடியில் ஒரு நோட்டு என்று உட்கார்ந்துவிட்ட மனிதரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மதாமுக்கு முழங்கால் வலி. கார் ஓட்டுவாள், பள்ளத்தில் இறங்கமாட்டாள். குடாக்களோ எல்லாம் பள்ளத்தில். பாதையும் கிடையாது, ஆடு போகிற தடம்தான். மேலிருந்து கீழே பார்த்த அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. நம்ம செஞ்சிக் கோட்டை கிருஷ்ணகிரி மலையைக் கொண்டுபோய்க் கடலில் பாதி முக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே குண்டுக்கல், அதே முள்ளுச்செடி. புடவையை வரிந்து கட்டிக்கொண்டாள்.

“நான் எறங்கறேன். இன்னா பாக்கணும்னு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கல் கட்டிய கயிறு ஒன்று, முழத்துக்கு ஒரு முடிச்சு. பாறை நுனியில் நின்று கயிற்றை விட்டுப் பார்ப்பாள். வேண்டுமென்றால் நீந்தியும் போவாள். பனையாழக் கிணற்றில் குதித்துப் பழகியவளுக்கு அந்தக் கடல் ஒரு பொருட்டில்லை. புதுச்சேரிக் கடல் மாதிரி ஆளைப் புரட்டிப் போடாது. ஏறுவதும் இறங்குவதும் இல்லாமல், ஒரே மட்டத்தில் தெளிந்து கிடக்கும். அடியில் விழுந்த ஊசியைக்கூட எடுத்துவிடலாம்.

ஆனால் ஒரு குடா மாதிரி இன்னொன்று இல்லை. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. பெயர்கள் வாயில் நுழையாததால் அவளே பெயர் வைத்தாள். வாய் குறுகி உள்ளே உருண்டு பெருத்தது அண்டா. ஆழமே இல்லாமல் மணல் விரிந்து கிடந்தது முறம். செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் நாளெல்லாம் வெயில் படாமல் இருண்டு நின்றது அமாவாசை. கடல்பறவைகள் ஒன்றையொன்று பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்த இடத்துக்கு அவலூர்பேட்டைச் சந்தை. நடுவில் ஒரு பாறை பிரிக்க, இரண்டாகக் கிளைத்தது கால்சட்டை. வெளியே நின்று பார்த்தால் அமைதியாக, சிரித்த முகமாக, வா வா என்று கூப்பிட்டு, உள்ளே போனால் தண்ணீருக்கடியில் கூரான கற்களை ஒளித்துவைத்திருந்த ஒன்றுக்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். முசே அன்றைக்கு நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பெயரை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

சின்ன வயதில் அவளுக்கென்று யாரும் ஒரு முழம் இடம் காட்டியதில்லை. இங்கே ஒரு தீவின் ஓரமெல்லாம் அவள் வைத்த பெயரில் கிடந்தது. சாயங்காலம் ஒரு பாறையில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றுகொண்டு, இதை மீனாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பாள். சந்தோஷமாக இருந்தாள். அப்படி இருப்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

ஒவ்வொரு குடாவுக்கும் ஒரு தடவை போனால் போதாது. காற்று மாறும்போதெல்லாம் போக வேண்டும். வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள்: “அண்டாவுல கீழக்காத்து அடிச்சா தண்ணி தளும்புது. மேக்காத்துன்னா ஒண்ணும் இல்ல. வாடக்காத்துல எடது பக்கம் கொஞ்சம் அலையுது.” முசே பிரெஞ்சில் எழுதிக்கொள்வார். கிழக்கு, மேற்கு, வடக்கு என்று. இப்படி ஒன்றரை வருஷம். 1963 ஐப்பசி பிறக்கும்போது நாற்பத்து மூன்று குடாவும் நோட்டில் ஏறிவிட்டன. அச்சுக்கூடத்துக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லியாகிவிட்டது. மார்செய் துறைமுகத்திலிருந்து நவம்பர் பன்னிரண்டாம் தேதிக் கப்பலில் அமிர்தவல்லிக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

அப்போதுதான் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. யாரிடமோ சொல்லி எழுதவைத்த கடிதம். எழுத்துக்கூட்டிப் படித்தாள். மீனம்பாளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறது. மாப்பிள்ளை உன் அண்ணி தனகோட்டிக்குச் அத்தை மகன், சிங்கவரம் தங்கராசு. நல்ல பையன், வயது இருபத்து நான்கு. பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியாகிவிட்டது. கார்த்திகையில் தாம்பூலம் மாற்றப்போகிறோம். உன்னால் வர முடிந்தால் வரவும்.

மீனாவுக்குப் பதின்மூன்று வயது. அமிர்தவல்லியின் கழுத்தில் தாலி ஏறிய அதே வயது. அன்றைக்கு அம்மிமேல் காலை எடுத்து வைத்தபோது பாவாடை தடுக்கி விழப்போனதும், சுற்றியிருந்தவர்கள் சிரித்ததும் நேற்று நடந்தது போல நெஞ்சில் வந்து நின்றன. தபால் போட்டால் கேட்கிற அண்ணன் இல்லை. நேரில் போய் நின்றால்தான் உண்டு. நல்லவேளை, கப்பல் இருக்கிறது, தைக்கு முன்னால் போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து, முசேவுக்குக் காப்பி கொண்டுபோனாள். அவர் மதாமுக்கு நோட்டைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை. மாமியார் என்கிற பெயர் காதில் விழுந்ததும் நின்று கேட்டாள். பிரெஞ்சு அரைகுறையாகப் புரியும். இந்தக் காற்று அடித்தால் உள்ளே போகாதே, செத்தாய் என்று படித்தபடி முசே கையை நீட்டி மலையைக் காட்டினார். இந்தக் காற்று என்றால் பயமில்லை, தாராளமாகப் போய் நில் என்று படித்தபடி கடலைக் காட்டினார்.

அவள் சொன்னது அப்படியே தலைகீழ். கடலிலிருந்து காற்று வந்தால்தான் மாமியார் ஆளைக் கொல்வாள்.

தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. செஞ்சியில் சித்திரை வைகாசி சாயங்காலங்களில் பாறையெல்லாம் கொதித்துக் கிடக்கும்போது, கிழக்கே கடல் பக்கத்திலிருந்து சில்லென்று ஒரு காற்று வரும். கீழக்காத்து வந்திடுச்சு என்று எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். கடல்காற்றுக்கு அவள் அறிந்த பெயர் அதுதான். புதுச்சேரியிலும் கடல் கிழக்கேதான். இந்தத் தீவின் கரையிலோ கடல் இருப்பது மேற்கே. சூரியன் தினமும் கடலில் விழுவதை ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் வாய் பழகிய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வந்தால் கீழக்காத்து, நிலத்திலிருந்து வந்தால் மேக்காத்து. முசேவும், அந்த மலைகளிலிருந்து திடீரென்று காற்று சரிந்து விழுவது உண்டு என்பதால், இந்தக் குடாக்களில் இப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பி எழுதிவிட்டார்.

சொன்னால் என்ன ஆகும்? நாற்பத்து மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்வார். கப்பல் போய்விடும். தை போய்விடும். மீனா போய்விடுவாள். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. புத்தகம் அச்சாகும், அவள் செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்திருப்பாள். எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் எந்தக் காலத்திலோ படகில் போனால் அவளுக்கென்ன?

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டாள், குழம்புக்குப் போடவே இல்லை. இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துறையிலிருந்து ஒரு மீன்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு படகில் கிளம்பினார். ஒரு சின்னப் பெண் படகின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு போனாள். அமிர்தவல்லி அடுப்பை அணைத்துவிட்டு நேராக ஜன்னலோர நாற்காலிக்குப் போனாள்.

“முசே, அந்த நோட்டு தப்பு. காத்தெல்லாம் தப்பு. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

அவள் விளக்கிச் சொல்லி முடித்ததும் அவர் பென்சிலைச் சுவரில் எறிந்தார். பிரெஞ்சில் திட்டினார், தமிழில் திட்டினார், இரண்டும் தீர்ந்ததும் தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். “ஒன்றரை வருஷம், அமிர்தம்! நாப்பத்தி மூணு குடா!” மதாம் மெல்ல, டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம், மாசியில் ஒரு கப்பல் இருக்கிறது என்றாள். தை முடிந்துதான் மாசி. அமிர்தவல்லி அடுக்களைக்குப் போய் வாய்விட்டு அழுதாள். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்கிறார்களே, அது சும்மா. மனசு கல்லாய்க் கனத்தது.

மறுநாள் காலையில் முசே கூப்பிட்டனுப்பினார். முகம் வீங்கியிருந்தது. எந்தக் குடாவிலிருந்து மறுபடி ஆரம்பிப்பது என்று பட்டியல் போட உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

“எதுக்கு மறுபடி? எனக்கு ஒவ்வொண்ணும் நெனப்பு இருக்குது. எங்க ஊர்ல கடல் எங்க இருக்குதோ அதான் கெழக்கு. எந்தக் குடாவுல எறங்கினாலும் நான் கடல் வாயப் பாத்துதான் நின்னேன். வாய் எனக்குக் கெழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு. எடது கைப்பக்கம் வடக்கு, வலது கைப்பக்கம் தெக்கு. முதல் குடாவுலயும் இப்டித்தான், கடைசிக் குடாவுலயும் இப்டித்தான். நாப்பத்தி மூணு தப்பு பண்ணல முசே. ஒரே தப்பத்தான் நாப்பத்தி மூணு தடவ பண்ணியிருக்கேன்!”

முசே தலையைத் தூக்கினார்.

“ஒரே தப்பா?”

“ஒரே தப்பு.”

“நிச்சயமா?”

“எம்பொண்ணு மேல சத்தியமா.”

முசே நோட்டை முதலிலிருந்து புரட்டினார். ஒரே தப்பு என்றால் திருத்திவிடலாம். குடா எந்தத் திசையைப் பார்த்து வாய் திறந்திருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டால் போதும். அவள் கிழக்கு என்றதை அந்தத் திசைக்குத் திருப்பிவைத்தால் மற்ற மூன்றும் கூடவே திரும்பிவிடும். சோதித்துப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை அவர். மதாமிடம் திசைகாட்டியைக் கொடுத்து அமிர்தவல்லியோடு மூன்று குடாக்களுக்கு அனுப்பினார். மதாம் முழங்கால் வலியோடு முறத்துக்கு மட்டும் தானே இறங்கிப் பார்த்தாள். மூன்றிலும் அமிர்தவல்லி சொன்ன கணக்கு ஒத்து வந்தது.

ஒன்பது நாள் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தார்கள். மதாம் வரைபடத்தை விரித்து வாய் எந்தப் பக்கம் என்று சொல்வாள், அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் நிற்கிற மாதிரி நின்று கையை நீட்டிக் காட்டுவாள், முசே அடித்து எழுதுவார். கால்சட்டைக்கு இரண்டு வாய் இருந்ததால் எந்த வாயைப் பார்த்து நின்றோம் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்படிச் சந்தேகப்பட்ட ஆறு குடாக்களை ஈவு இரக்கமில்லாமல் எடுத்துவிட்டார்கள். மிச்சம் முப்பத்தேழு. இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் தபாலில் செஞ்சிக்கே வந்தது. அமிர்தவல்லியின் பெயர் அதில் எங்கேயும் இல்லை. ஆனால் குடாக்களின் பெயருக்குப் பக்கத்தில், பிரெஞ்சு எழுத்தில், அண்டா, முறம், மாமியார் என்று அச்சாகியிருந்தது. எத்தனை வெள்ளைக்காரர்கள் அதை வாசித்து நாக்கைச் சுளுக்கிக்கொண்டார்களோ தெரியாது.

பன்னிரண்டாம் தேதிக் கப்பலை அவள் பிடித்துவிட்டாள். முசே ஊன்றுகோலோடு, அவள் மார்செய்க்குப் படகு ஏறிய துறை வரைக்கும் வந்தார். அவள் தலையில் கையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சூயஸ் வழியாகப் பம்பாய், அங்கிருந்து ரயிலில் சென்னை, பிறகு பஸ். செஞ்சியில் வந்து இறங்கியபோது மார்கழி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நெட்டைப் பெண்ணை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இவளைத் தெரிந்துவிட்டது. கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “மாமா, வந்துட்டாங்க” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

யாரோ கடன்காரி வந்தது போல, வந்துட்டாங்க. அம்மா என்ற சொல் மூன்று நாளாகியும் வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கேட்டதற்குத் தலையாட்டினாள். இந்த ஒரு வார்த்தைக்காகவா அவ்வளவு தூரம் வந்தோம் என்று அமிர்தவல்லிக்குத் தோன்றியது. ஆனால் கேட்டு வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணப் பேச்சைத் துரைக்கண்ணுவிடம் எடுத்தபோது அவர் எகிறினார்.

“தாம்பூலம் மாத்தியாச்சு. ஊரு பூரா சொல்லியாச்சு. இப்ப வந்து வாணாம்னா இன்னா அர்த்தம்? எம்மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்கறது?”

“அண்ணா, அவ சின்னப் பொண்ணு. எட்டாவது படிக்கறா.”

“நான் இன்னா அவள கெணத்துலயா தள்ளிட்டேன்? நல்ல எடந்தான் பாத்தேன்.” கொஞ்ச நேரம் மேல்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கியது. “நீ திரும்பி வரமாட்டேன்னு நெனச்சிட்டேன், அமிர்தம். கடல் தாண்டிப் போனவ எவ வந்திருக்கா? எனக்கும் வயசாவுது. அந்தப் பொண்ண ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டா நிம்மதின்னு பாத்தேன்.”

அண்ணன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் கரைந்துவிட்டது. ஆனால் முடிவு கரையவில்லை. “நீங்க வரவேணாண்ணா. நானே போய்ச் சொல்லிக்கறேன்” என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த தட்டை எடுத்தாள். அரக்கு நிறப் புடவை, குங்குமச் சிமிழ், காய்ந்துபோன வெற்றிலை. எல்லாவற்றையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு சிங்கவரத்துக்கு நடந்தாள். பாதித் தூரம் போனபிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். மீனம்பாள் ஐம்பது அடி தள்ளி வந்துகொண்டிருந்தாள். இவள் நின்றால் அவளும் நின்றாள். அமிர்தவல்லி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நடந்தாள்.

தங்கராசுவின் அம்மா விருத்தாம்பாள் களத்தில் மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், பேச்சில் யாரையும் விடமாட்டாள் என்று பெயர். தட்டைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“இன்னா, திருப்பிக் குடுக்க வந்தியா? எம்புள்ளைக்கு இன்னா கொறச்சல்? கையா காலா?”

“உங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லக்கா. எம்பொண்ணுக்கு வயசு இல்ல. பதிமூணு. எங்கண்ணன் தாம்பூலம் மாத்தினது தப்பு. தப்புன்னு தெரிஞ்சதும் சொல்லிடணும், நாளாக நாளாக் கனம் ஏறிடும். அதான் வந்தேன். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க.”

விருத்தாம்பாள் திட்டத்தான் செய்தாள். கப்பலில் போனவளுக்குக் கொழுப்பு என்றாள், சிங்கவரம் முழுக்கச் சிரிக்கும் என்றாள், இந்த மானக்கேட்டுக்கு யார் பதில் சொல்வது என்றாள். அமிர்தவல்லி தட்டை ஏந்தியபடியே நின்றாள். திட்டு ஓய்ந்ததும் சொன்னாள்.

“என்னயும் பதிமூணுலதான் கட்டிக் குடுத்தாங்க. அன்னிக்கி யாராச்சும் ஒருத்தர் வந்து தட்டத் திருப்பிக் குடுக்க மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க்கா. யாரும் வரல.”

சொல்லி முடித்ததும் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தும் கண்ணீர் வந்துவிட்டது. விருத்தாம்பாள் குனிந்து மல்லாட்டையைக் கையால் பரப்பினாள். பரப்பிய இடத்தையே மறுபடி பரப்பினாள். களத்தின் ஓரத்தில், வேலி அருகே நின்றிருந்த மீனம்பாளை அப்போதுதான் பார்த்தாள். ஒரு கையில் ரிப்பனை உருவிக்கொண்டு, குச்சிக் கால்களோடு நின்றிருந்தாள் பெண்.

“இதுவா பொண்ணு? தாம்பூலத்தன்னிக்கிப் பொடவ சுத்தி ஒக்காத்தி வச்சாங்க, பெரிசா தெரிஞ்சிது.” தலையை ஆட்டிக்கொண்டாள். “எனக்குப் பன்னெண்டு. வந்த அன்னிக்கி ராத்திரி எங்கம்மாகிட்ட போவணும்னு அழுதேன். மாமியா பேய் புடிச்சிருக்குதுன்னு மலையனூர் கோயிலுக்கு இட்டுக்கினு போனா.”

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வந்தாள். தட்டிலிருந்து சிமிழையும் வெற்றிலையையும் எடுத்துக்கொண்டாள். புடவையை மட்டும் தட்டிலேயே விட்டாள்.

“இத நீயே வச்சிக்க. குடுத்தத வாங்கற பழக்கம் எங்க வூட்ல கெடையாது. அது பெரிய படிப்பு பாஸ் பண்ணா அன்னிக்கி இந்தப் பொடவயக் கட்டிக்கட்டும். போ, தங்கராசு வரதுக்குள்ள போ. அவன் நேத்தே எங்கிட்ட சண்ட, இவ்ளோ சின்னப் பொண்ணு வாணாம்னு. இப்ப வந்தான்னா ‘நான் அப்பவே சொல்லலியா’ன்னு என்னப் படுத்தி எடுத்துடுவான்.”

அமிர்தவல்லி புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலியோரத்தில் மீனம்பாள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அமிர்தவல்லி நடக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை காலடிச் சத்தம் ஐம்பது அடி பின்னால் கேட்கவில்லை. பக்கத்திலேயே கேட்டது.

ஏரிக்கரையைத் தாண்டினார்கள்.

“எனக்கு இன்னும் கோவந்தான்” என்றாள் மீனம்பாள், பாதையைப் பார்த்தபடி.

“இருக்கட்டும்.”

“ரெண்டு வருஷம். எனக்கு ஒடம்பு சரியில்லாதப்பகூட நீ வரல.”

“ஆமா. வரல.”

அந்தப் பெண் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னலை இறுக்கி முடிந்தாள்.

“நாளைக்குக் கணக்குப் பரீட்ச. மூணு மாசமா ஸ்கூலுக்குப் போவல, எழுத விடுவாங்களான்னு வாத்தியாரக் கேக்கணும். அவரு அஞ்சு மணிக்கு வூட்டுக்குப் போயிடுவாரு. சீக்கிரம் நடம்மா.”

அமிர்தவல்லி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.